கை ஆடினால் ஓடும் வாட்ச்

போன மாதம் என் மகன் புதுசாக ஒரு வாட்ச் கட்டிக்கொண்டு வந்து நின்றான். டயலில் உலகத்துக்கே தெரிந்த ஒரு பெரிய கம்பெனியின் பெயர். என்னடா, நிலம் கிலம் எதையாவது வித்துட்டியா என்று கேட்டேன். சிரித்தான். "ஃபர்ஸ்ட் காப்பிம்மா. ஆன்லைன்ல வாங்கினேன். அசலே தோத்துடும்" என்றான். ஒரு கூச்சம் வேண்டுமே, கிடையாது. ஆபீசில் எல்லோரிடமும் காப்பி என்று அவனே சொல்லிக் காட்டினானாம். அவர்களும் லிங்க் வாங்கிக்கொண்டார்களாம்.

எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நம் வயசுக்காரர்களுக்குச் சொன்னால் புரியும். நம் காலத்தில் டூப்ளிகேட் என்கிற வார்த்தையை யாரும் தன் கையைக் காட்டிச் சொன்னதில்லை, அடுத்தவன் கையைக் காட்டித்தான் சொன்னோம். எங்கள் வீட்டில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் ஒரு மனுஷரைத் திருடராக்கினோம்.

அப்போது எனக்குப் பத்து வயசு இருக்கும். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அக்காவுக்குக் கல்யாணமாகி, அத்தான் வளைகுடாவுக்குப் போய், முதல் லீவில் வந்திருந்தார். அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று எங்கள் சொந்தக்காரர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். பையன் வீட்டில் ஒன்றுமில்லை, சும்மா ஆள் பார்க்க நன்றாக இருக்கிறான், அவ்வளவுதான் என்றார்கள். அப்பா யார் பேச்சையும் கேட்காமல் முடித்துவைத்த கல்யாணம் அது. அதனால் அத்தான் சூட்கேசைத் திறந்து, ஒரு பெட்டியை எடுத்து, "இது மாமாவுக்கு" என்று நீட்டியபோது அப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக அந்த வாட்ச் வந்துவிட்டது.

தங்க நிறம். டயல் கறுப்பு. ஆறு மணிக்குக் கீழே பொடி எழுத்தில் சுவிஸ் என்று இருந்தது. நொடி முள் சிவப்பு. பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட்டு, மூக்கை வைத்தால் விமானமே வீட்டுக்குள் வந்தது போல ஒரு வாசனை. பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். ரொம்ப நாள் என் மரப்பாச்சிக்கு அதுதான் கட்டில்.

"சாவி குடுக்க வேண்டாம் மாமா. கை ஆட ஆட அதுவா ஓடும்" என்று அத்தான் சொல்லிக்கொடுத்தார். கையை ஆட்டினால் ஓடுகிற வாட்சை அதற்கு முன்னால் எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. அப்பா அடுத்த நாளே காரியம் இருக்கிற மாதிரி திருவையாறு வரை பஸ்ஸில் போய்வந்தார். மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போயிருப்பார், எனக்குத் தெரியும். சட்டையின் கை கீழே இறங்கி வாட்ச் எல்லோருக்கும் தெரிய வேண்டுமே.

அத்தான் திரும்பிப் போனார். அக்கா பிள்ளைத்தாய்ச்சி, எங்கள் வீட்டோடு இருந்தாள். அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. ஆற்றில் வந்த கொஞ்சநஞ்சத் தண்ணீரை முறை வைத்து விட்டார்கள். மார்கழி பிறந்தபோது சம்பா சூல் கட்டி நின்றது. அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் வரும், உள்ளே அரிசி இருக்காது.

முறை என்றால் மணிக்கணக்கு. எங்கள் வாய்க்காலில் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் நடுமடை வயல்களுக்கு. அதன் பிறகு ஆறு மணி வரைக்கும் தலைமடையில் இருந்த எங்களுக்கு. ஆறு மணிக்கு எங்கள் மடையை அடைத்துத் தண்ணீரைக் கீழே விட வேண்டும், அது கடைமடைக்கு. எட்டு மணிக்குப் பொதுப்பணித்துறை லஸ்கர் வந்து ஷட்டரை இறக்கி, தண்ணீரை வேறு வாய்க்காலுக்குத் திருப்பிவிடுவார். தண்ணீர் கடைசி வயலுக்கு ஊர்ந்து போய்ச் சேரவே ஒரு மணி நேரம் பிடிக்கும் என்பதால், கடைமடைக்கு மிஞ்சுவது மிச்ச நேரம்தான். இந்த மணியையெல்லாம் யார் பார்ப்பது? அதற்கு முன்னால் மணியக்காரர் வீட்டில் இருந்த ஒரு பழைய வாட்சை வாங்கிவந்து பார்ப்பார்கள். இந்த வருஷம் பேச்சே இல்லை. சுவிஸ் வாட்ச் இருக்கும்போது வேறு எதற்கு? அப்பாவே முறைக்கு மணி பார்ப்பது என்று ஊரே ஒப்புக்கொண்டது.

கடைசி வயலைக் குத்தகைக்கு எடுத்து உழுதவரைக் கடைமடைக்காரர் என்றே சொல்லுகிறேன். எங்கள் ஊர்க்காரர் இல்லை, மாமனார் வீட்டோடு வந்தவர். ஒல்லியாக, அதிகம் பேசாத ஆள். என்னைக் கண்டால் நின்று, பாப்பா என்ன படிக்கிறீங்க என்று மரியாதையாகக் கேட்பார். என்னை அப்படிக் கேட்ட பெரியவர் அவர் ஒருவர்தான்.

அரைப்பரீட்சை லீவு என்பதால் அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோக நானும் அம்மாவோடு போவேன். மடைக்குப் பக்கத்தில் ஒரு பூவரச மரம். அதன் கீழே கயிற்றுக்கட்டில். அப்பா சாப்பிட்டுவிட்டு, வாட்ச் கட்டிய கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். எங்கள் வயலுக்குத் தண்ணீர் தானாகப் பாய்ந்துகொண்டிருக்கும் நேரம், அவருக்கென்ன வேலை? அம்மா புல் அறுக்கப் போவாள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வாட்சை வேடிக்கை பார்ப்பேன். அப்பாவுக்குக் குறட்டை வந்ததும் சிவப்பு முள் நின்றுவிடும். புரண்டு படுத்தால் மறுபடி ஓடும். அப்பா தூங்கினால் வாட்சும் தூங்குகிறது என்று எனக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம். யாரும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை.

கடைமடைக்காரர் வந்து வந்து சொல்லிப் பார்த்தார். தண்ணி வந்து சேர்றதுக்குள்ள லஸ்கர் ஷட்டர எறக்கிடுறாருண்ணே, கொஞ்சம் முன்னாடி விடுங்க என்றார். ஆறு மணிக்குத்தானேப்பா விடுறேன், வாட்சுல பாத்துத்தானே விடுறேன் என்றார் அப்பா. பொழுது இறங்கிடுச்சே என்று அவர் சொன்னால், மார்கழிப் பொழுது சீக்கிரம் சாயத்தானே செய்யும் என்று பக்கத்து வயல்காரர்கள் பதில் சொன்னார்கள். மார்கழிப் பொழுது சீக்கிரம் சாயும் என்பது வாஸ்தவம். ஆனால் அது இந்த அளவுக்கா சாயும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பொழுதைப் பார்த்து நடவு நட்டவர்கள். ஒரு கறுப்பு டயலைக் கண்டதும் சூரியனைத் தப்பாக நினைத்துவிட்டார்கள்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம். நான் மரத்தடியில்தான் இருந்தேன். வரப்பில் கடைமடைக்காரர் வருகிறார். தோளில் துண்டு இல்லை, அது கையில் சுருட்டி இருக்கிறது. அதற்குள்ளிருந்து திடீரென்று பள்ளிக்கூட மணி மாதிரி கணகணவென்று ஒரு சத்தம். அப்பா வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். கடைமடைக்காரர் துண்டைப் பிரித்து, டீக்கடை பாயின் டைம்பீஸை எடுத்து வரப்பில் வைத்தார். பேச்சுக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று சரியாக ஆறு மணிக்கு அலாரம் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். மூன்று கால் டைம்பீஸ், ஒரு கால் உடைந்து அட்டை சொருகியிருந்தது. அது அடித்து முடிவதற்குள் அவர் குனிந்து, எங்கள் மடையில் பலகையைச் செருகி அடைத்துவிட்டார்.

அப்பா மணிக்கட்டைப் பார்த்தார். அஞ்சு பத்து.

சத்தம் கேட்டு எல்லோரும் கூடிவிட்டார்கள். நடுமடைக்காரர்கள், களையெடுத்துவிட்டுப் போன பெண்கள், ஆடு ஓட்டிப்போனவர்கள். வரப்பில் ஒரு பக்கம் டைம்பீஸ் டொக்கு டொக்கென்று ஓடுகிறது. இந்தப் பக்கம் அப்பாவின் கை. பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அப்பா சொன்னார், "என் மாப்ள குடுத்த வெளிநாட்டு வாட்சு பொய் சொல்லுது, உன் தகர டப்பா நெசம் சொல்லுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உடைந்த காலோடு அது சாய்ந்து நின்ற கோலம் அப்படி.

கடைமடைக்காரர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மேற்கே கையைக் காட்டி, "பொழுதப் பாருங்கண்ணே" என்றார். மூங்கில் தோப்புக்கு மேலே வெறும் சிவப்புதான் இருந்தது. ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் திரும்பினேனா என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன், ஞாபகம் வரவில்லை.

அங்கேயே முடிவு செய்தார்கள். அடுத்தவன் முறையில் மடையில் கைவைத்தவன் தண்ணீர்த் திருடன். இந்த வருஷத்து முறை முடிகிற வரை அவர் வயலுக்குத் தண்ணீர் கிடையாது. அவர் டைம்பீஸைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். பிறகு டீக்கடை பாய் வந்து, அதைப் பார்த்துத்தான் நான் முதல் பஸ்ஸுக்குப் பால் காய்ச்சுகிறேன், அது தப்பென்றால் இந்த ஊரே பஸ்ஸை விட்டிருக்கும் என்று சொல்லிப் பார்த்தார். முடிந்ததைக் கிளறாதீங்க பாய் என்று அவரை அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கு அப்பா சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். ரேடியோவில் செய்தி வாசிக்க ஆரம்பித்தார்கள். அப்பா வாட்சைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார், எழுந்து போய் ரேடியோவின் காதைத் திருகிப் பார்த்தார். பிறகு வாட்சைக் கழற்றி முள்ளைத் திருப்பினார். ரொம்ப நேரம் திருப்பின மாதிரி எனக்கு இருந்தது. காலையில் அது நின்றுபோய்க் கிடப்பதும், அவர் ரேடியோவில் காலைச் செய்தி கேட்டு முள்ளைத் திருப்பி வைப்பதும் வழக்கம்தான். ராத்திரி கழற்றி வைத்தால் நிற்கத்தான் செய்யும், கை ஆடினால்தானே ஓடும் என்று அவரே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். பகலில், கையில் இருக்கும்போது எப்படி என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

எனக்குத் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியவில்லை என்றதும் எனக்கு ஒரே சந்தோஷம். "நீங்க மத்தியானம் தூங்கும்போது அதுவும் தூங்குதுப்பா. தினமும் தூங்குது" என்றேன்.

அப்பா முகம் செத்துவிட்டது. அசல் வாட்சாக இருந்தால் ஒருமுறை ஓடிவிட்டால் கழற்றி வைத்தாலும் ஒரு நாளுக்கு மேல் நிற்காமல் ஓடுமாம், இதெல்லாம் பிற்பாடு நான் தெரிந்துகொண்டது. அது டூப்ளிகேட் என்று தெரிய அப்பாவுக்கு அந்த விவரம் வேண்டியிருக்கவில்லை. அடுப்படி வாசலில் அம்மா நின்றாள். உள் அறையில் அக்கா, பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பழைய புடவை கிழித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்காத குரலில் அப்பா பேசினார். வாட்ச்தான் தப்பு என்று போய் இப்பவே சொல்லிவிட்டு வரட்டுமா என்று அம்மாவைத்தான் கேட்டார். அது என் காதில் விழுந்தது. அதனால்தான் அப்பாவை என்னால் முழுசாகக் கோபிக்க முடிவதில்லை.

அம்மா உள் அறையைக் காட்டினாள். "மாமனாருக்கே டூப்ளிகேட்டு குடுத்தவன்னு ஊரு சிரிக்கும். இவ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, நீ எதையும் பார்க்கல என்றாள். நான் தலையாட்டினேன்.

மறுநாளிலிருந்து அப்பா மத்தியானத்தில் தூங்கவில்லை. சாப்பிட்ட கையோடு எழுந்து வரப்பில் நடக்க ஆரம்பிப்பார். கையை வீசி வீசி நடப்பார். மடையிலிருந்து தோப்பு வரைக்கும், தோப்பிலிருந்து மடை வரைக்கும், பொழுது இறங்குகிறவரை ஓயாமல். இந்த வயசில் எவ்வளவு பொறுப்பு பாருங்கள், ஊர்த் தண்ணீருக்காக மனுஷன் உட்காரக்கூட மாட்டேனென்கிறார் என்று பார்த்தவர்கள் புகழ்ந்தார்கள். அந்த வாட்ச் அதற்கப்புறம் ஒரு நிமிஷம் பிசகவில்லை. ஆறு மணிக்குச் சரியாக மடையை அடைத்தார். ஆனால் அந்தத் தண்ணீர் வாங்க வேண்டியவருக்கு முறையே இல்லாமல் போயிருந்தது.

தையில் எங்கள் வயல் நன்றாக விளைந்தது. களத்தில் நெல் குவித்தபோது அடுத்த வயல்காரர்கள் கண் வைத்தார்கள். கடைமடையில் கதிர் நிமிர்ந்தே நின்றது. உள்ளே ஒன்றுமில்லாத கதிர்தானே அப்படி நிமிர்ந்து நிற்கும். மாட்டுக்குத் தீனியாக அறுத்துப் போட்டார்கள்.

அம்மா ஒரு மூட்டை நெல்லை வண்டியில் ஏற்றி, கடைமடைக்காரர் வீட்டுக்கு அனுப்பினாள். அது அப்படியே திரும்பி வந்தது. பின்னாலேயே அவர் மனைவி நடந்து வந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. கையில் சின்னப் பிள்ளை இருந்தது.

"நெல்லு வேணாங்கக்கா" என்றாள். "அன்னைக்கு மணி ஆறுதான்னு அண்ணன ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. அது போதும். இவரு யார் மூஞ்சியையும் பாக்க மாட்டேங்குறாரு."

அப்பா உள்ளேதான் இருந்தார். வெளியே வரவில்லை. அக்கா என்னம்மா சொல்லுறாங்க என்று கேட்டாள். ஒண்ணுமில்ல, முறைத் தகராறு என்றாள் அம்மா. அந்தப் பெண் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள். அடுத்த போகத்துக்கு அவர்கள் குத்தகையை விட்டுவிட்டார்கள். அவர் தஞ்சாவூருக்குப் போய் மூட்டை தூக்கினார் என்று சொன்னார்கள்.

அப்பா வாட்சைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். அவ்வளவு விலை கூடினதைத் தினமும் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கலாமா என்று காரணம் சொன்னார். அத்தான் லீவில் வரும்போது மட்டும் எடுத்துக் கட்டிக்கொள்வார். அத்தானோடு பேசுகிறபோது அவர் கை சும்மாவே இருக்காது, காற்றில் எதையாவது வரைந்துகொண்டே இருக்கும். "நல்லா ஓடுதா மாமா?" என்று அத்தான் ஒவ்வொரு தடவையும் கேட்பார். "ஒரு நிமிஷம் பிசகல மாப்ள" என்பார் அப்பா. பிறகு இரண்டு பேரும் வேறு எங்கேயாவது பார்ப்பார்கள். அத்தானுக்கும் தெரிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அங்கே அவர் என்ன வேலை பார்த்தார், எந்த வெயிலில் நின்றார் என்று நாங்கள் கேட்டதே இல்லை. நாங்கள்தான் அவர் கையிலிருந்து சுவிஸ் வாட்ச் எதிர்பார்த்தோம். பாவம், அவர் என்ன செய்வார்.

பல வருஷம் கழித்து அப்பா படுக்கையில் விழுந்தார். பேச்சு தடுமாற ஆரம்பித்த சமயத்தில், கடைமடைக்காரரை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அவர் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் சாதாரண வார் போட்ட ஒரு வாட்ச் கட்டியிருந்தார். அப்பா அவரைப் பார்த்ததும் உதட்டை அசைத்தார், வார்த்தை வரவில்லை. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். வாட்ச் இல்லாத வெறும் கை. அது ஆடிக்கொண்டே இருந்தது. டாக்டர் அதற்கு ஏதோ ஒரு வியாதிப் பெயர் சொன்னார்.

அன்று சாயங்காலமே மூச்சு நின்றது. அக்காவும் நானும் விழுந்து அழுதோம். ஆனாலும் நான் பார்த்தேன், அப்பாவின் மூச்சு நின்ற அந்த நிமிஷத்தில் கடைமடைக்காரர் தன் வாட்சைப் பார்த்தார். சாவு வீட்டில் மணி வேண்டும் என்பது தெரிந்த பெரியவர். பிறகு வந்த ஐயர் அதைத்தான் கேட்டார். நவமி போய் தசமி பிறக்கிற வேளை, திதி எதுவென்று சொல்ல வேண்டும், உயிர் போன மணியை யாராவது பார்த்தீர்களா என்றார். நாங்கள் யாரும் பார்த்திருக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீங்களே, நீங்க பாத்தீங்களா என்று பெரியப்பா அவரைக் கேட்டார்.

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "என் மணிய இந்த ஊருல எடுத்துக்க மாட்டாங்க. வேற யாரையாவது கேட்டுக்குங்க" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

நான் அப்போது பேசியிருக்கலாம். நாற்பதைத் தாண்டியவள், யார் என் வாயைப் பொத்தப் போகிறார்கள்? பக்கத்தில் அக்கா அழுதுகொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் அத்தான் நின்றிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தான் தன் கையைத் திருப்பிப் பார்த்து, உத்தேசமாக ஒரு மணி சொன்னார். அதுவும் தங்க நிற வாட்ச்தான். அதன்படி தசமி என்று ஐயர் முடிவு பண்ணினார். வருஷா வருஷம் தசமியில்தான் அப்பாவுக்கு இலை போடுகிறோம். அது நவமியாக இருந்தால் எங்கள் சோறு அவருக்குப் போய்ச் சேராது.

அத்தானும் போய்ச் சேர்ந்தார். அப்பாவின் வாட்ச் அக்காவிடம் இருக்கிறது. என் மகன் கையில் புது வாட்சைப் பார்த்த அன்றைக்கு அக்கா அதை எடுத்துக் காட்டி, பாருடா, அசல் சுவிஸ், ரெண்டு ஆட்டு ஆட்டினா இப்பவும் ஓடும் என்றாள். அவன் வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் கண்ணால் வேண்டாம் என்றேன். என் அம்மா எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்தேன்.

கடைமடைக்காரர் இன்னும் இருக்கிறார். தஞ்சாவூரில் மகள் வீட்டோடு இருப்பதாகக் கேள்வி. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அப்பா போனபோது மணி என்ன என்று கேட்டால் சொல்லிவிடுவார், அவர் மறக்கிற ஆள் இல்லை. ஆனால் கேட்பதற்கு முன்னால், அன்றைக்கு வரப்பில் மணி ஆறுதான் என்று நான் அவரிடம் சொல்லியாக வேண்டும். அடுத்த மாதம் அப்பாவுக்குத் திதி வருகிறது. தசமிக்கே ஐயரை வரச் சொல்லியிருக்கிறேன்.